போர்ச்சுகலுக்கு எந்த மாதம் கிளம்பலாம்?

லிஸ்பன் நகரில் சுற்றுலா வழிகாட்டியாக வேலை பார்க்கும் நம் பத்தி எழுத்தாளர், போர்ச்சுகல் பருவநிலை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: பிள்ளைகளுக்கு ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்து மே முழுக்க லீவு. மாமனார், மாமியாரும் கூட வருகிறார்கள். ஏப்ரல் கடைசி வாரம் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது. எடுத்துவிடலாமா, கொஞ்சம் தள்ளிப் போடலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

தள்ளிப் போடுங்கள். மே பாதியைத் தாண்டி வந்தால் உங்களுக்கும் நல்லது, மாமியாருக்கும் நல்லது.

ஏப்ரலை இங்கே யாரும் நம்புவதில்லை. 'ஏப்ரலில் ஆயிரம் தண்ணி' என்று ஊர்ப் பெரியவர்களே சொல்வார்கள். காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். துணியைக் கொடியில் போட்டுவிட்டு வெளியே கிளம்பினால் பதினொரு மணிக்குச் சாரல், பன்னிரண்டுக்கு மறுபடி வெயில், இரண்டு மணிக்குக் கொட்டும் மழை. லிஸ்பனில் வீடுகளுக்கு வெளியே ஜன்னலுக்குக் கீழேதான் கொடி கட்டியிருப்பார்கள். துணியை எடுக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துப் போட்டு, கிளிப் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த விரிப்புகள் தெருவில் கண்ணில் படாமல் போனால் வசந்தம் உறுதியாகிவிட்டது என்று நானாக ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பெரும்பாலும் மே நடுவில் அது நடக்கும்.

மே மாதத்தில் லிஸ்பனில் பகல் 22 டிகிரி, இரவு 13 டிகிரி என்பது சராசரி. நடப்பதற்கு இதைவிட நல்ல கணக்கு கிடையாது. இந்த ஊரில் நடக்காமல் ஒன்றும் பார்க்க முடியாது, நடை என்றாலே மேடுதான். மாமனார் மூச்சு வாங்காமல் ஏற வேண்டுமென்றால் மேயில் ஏறுவார், ஆகஸ்டில் ஏற மாட்டார். மாதக் கடைசியில் வந்தால் இன்னொரு லாபமும் உண்டு. ஜகரண்டா மரங்கள் இலையே தெரியாமல் ஊதாவாகப் பூத்து நிற்கும். ஜூன் பாதி வரை தாங்கும். கீழே விழுந்த பூ செருப்பில் பிசுபிசுவென்று ஒட்டும், கார் வைத்திருப்பவர்கள் திட்டிக்கொண்டே துடைப்பார்கள். நமக்குப் படம் எடுக்க அழகு.

பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: மே மாதக் கடல் பார்க்கத்தான். கால் நனைக்கலாம். நனைத்த கால் மரத்துப் போகும்.

கேள்வி: ஜூலையில் லிஸ்பன் 28 டிகிரி என்று போனில் பார்த்தேன். "நாற்பதைப் பார்த்தவர்கள் நாம், ஸ்வெட்டர் எதற்கு?" என்று என் கணவர் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டார். நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள்.
– வாசகி, சென்னை

மறுபடி உள்ளே வைக்கச் சொல்லுங்கள். ஸ்வெட்டர் வேண்டாம், காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட் ஒன்று, ஆளுக்கு ஒன்று.

28 டிகிரி உண்மைதான். மத்தியானம் ஒரு மணிக்கு வெயிலில் நின்றால் அதைவிடக் கூடுதலாகவே சுடும். ஆனால் அந்த எண்ணுக்குள் காற்று இல்லை. கோடை முழுக்க மேற்குக் கரையில் வடக்கிலிருந்து ஒரு காற்று வீசும். நோர்டாடா என்பார்கள். காலையில் இருக்குமிடம் தெரியாது. மத்தியானத்துக்கு மேல் மெல்ல எழும்பும். நான்கு மணியிலிருந்து ஏழு மணி வரைதான் அதன் ராஜாங்கம். அதே நேரத்தில்தான் நம் குடும்பங்கள் பெலேம் ஆற்றங்கரைக்கு வந்து, மெல்லிய காட்டன் குர்தாவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். எதிரே உள்ள நினைவுப் பொருள் கடைக்காரர் 'லிஸ்போவா' என்று நெஞ்சில் எழுதிய தொப்பி வைத்த பனியனைத் தயாராக வாசலிலேயே தொங்கவிட்டிருப்பார். ஜூலையில் அவருக்கு நல்ல வியாபாரம். வாங்குபவர்களில் பாதிப் பேர் நம்மைப் போல வெயில் ஊரிலிருந்து வந்தவர்கள்தான்.

ஏன் இப்படி? கோடையில் அட்லாண்டிக் நடுவே அசோரஸ் தீவுகள் பக்கம் காற்றழுத்தம் கூடி நிற்கும். இந்தப் பக்கம் ஸ்பெயின் நிலம் காய்ந்து சுட்டு, அங்கே அழுத்தம் குறைந்து கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட போர்ச்சுகல் கரையோரமாக வடக்கிலிருந்து தெற்காகக் காற்று இறங்கி ஓடுகிறது. நிலம் சூடேற ஏற வேகமும் ஏறும். அதனால்தான் சாயங்காலம் அவ்வளவு பலம்.

இந்தக் காற்று இன்னொரு வேலையும் செய்கிறது. கரையோரத்து மேல்தண்ணீரைக் கடலுக்குள் தள்ளிவிடுகிறது. அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஆகவே ஜூலை வெயிலிலும் லிஸ்பன் பக்கத்துக் கடல் 17 முதல் 20 டிகிரிதான். வடக்கே போர்ட்டோ நகரப் பக்கம் போனால் 16, 17 கூட சகஜம். அடியிலிருந்து வரும் தண்ணீரில் மீனுக்குச் சத்து அதிகம். ஜூன் மாதம் சந்து முழுக்கச் சுடும் மத்தி மீன் கொழுப்பேறி ருசியாக இருப்பதற்கும் இதே காற்றுதான் காரணம். உங்கள் கணவர் மீன் சாப்பிடுபவர் என்றால் காற்றைத் திட்ட வேண்டாம்.

ஜாக்கெட்டை விட முக்கியமானது ஒன்று உண்டு: கடற்கரை எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். லிஸ்பனுக்கு மேற்கே கின்ஷு கடற்கரை திறந்த அட்லாண்டிக்கைப் பார்த்தபடி கிடக்கிறது. சாயங்காலம் மணல் கெண்டைக்காலில் ஊசி மாதிரி குத்தும். காற்றாடிப் பலகைக்காரர்களுக்கு அது சொர்க்கம், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தவர்களுக்கு மணல் சோறு. அதே நாள், அதே மணி, தெற்கே அராபிடா மலைக்கு மறைவில் இருக்கும் செசிம்ப்ராவில் குடை அசையாமல் நிற்கும். வடக்கே நாசரே மாதிரி ஊர்களில் உள்ளூர்க் குடும்பங்கள் குடையை நம்புவதில்லை. நாலு கம்பு ஊன்றிக் கோடு போட்ட துணியைக் கட்டி, அதன் பின்னால் படுத்துக்கொள்வார்கள். நீங்களும் கடற்கரையைக் காலையில் முடித்துக்கொண்டு, சாயங்காலத்தை ஊருக்குள் சந்துகளில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் குழந்தைகளோடு கடலில் இறங்கிக் குளிக்க போர்ச்சுகலில் இடமே இல்லையா?
– வாசகர், சிங்கப்பூர்

இருக்கிறது. தெற்குக் கரை, அல்கார்வ். அதிலும் கிழக்குப் பாதி. ஃபாரோவிலிருந்து ஒல்யாவ், தவிரா, மோன்டே கோர்டோ என்று ஸ்பெயின் எல்லை வரை. வடக்குக் காற்று அங்கே நேராக மோதுவதில்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் தண்ணீர் 22, 23 டிகிரி வரை போகும். ஜிப்ரால்டர் பக்கமிருந்து கிழக்குக் காற்று சில நாள் தொடர்ந்து வீசினால் இன்னும் கொஞ்சம் சூடேறும், கூடவே அலையும் எழும். உங்கள் ஊர்க் கடலோடு ஒப்பிட்டால் இதுவும் சில்லென்றுதான் இருக்கும். ஆனால் குழந்தைகள் பல் கடகடக்காமல் அரை மணி நேரம் விளையாடுவார்கள்.

தவிராவில் நேரே கரை கிடையாது. உப்பங்கழியைத் தாண்டி மணல் தீவுக்குப் படகில் போக வேண்டும். அது பிள்ளைகளுக்குத் தனிக் குஷி. படத்தில் பார்க்கும் மஞ்சள் பாறைகள், குகைகள் எல்லாம் மேற்குப் பாதியில், லாகோஸ், கார்வோய்ரு பக்கம். அழகு அங்கே, வெதுவெதுப்பு இங்கே. ஒரு வாரம் இருந்தால் இரண்டையும் பிரித்துக்கொள்ளலாம்.

கடற்கரையில் பறக்கும் வண்ணக் கொடியைப் பார்த்து இறங்குங்கள். பச்சை என்றால் குளிக்கலாம். மஞ்சள் என்றால் நீந்தக் கூடாது, கால் ஊன்றும் ஆழத்தில் நிற்கலாம். சிவப்பு என்றால் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. மீறினால் அபராதம் உண்டு. காவலர்கள் இருப்பது பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். அக்டோபரில் கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், ஆனால் கரையில் காவலர் நாற்காலி காலியாக இருக்கும். குழந்தைகளோடு வருபவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து யோசியுங்கள். என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் பாதி.

கேள்வி: அக்கா, டிசம்பர் கடைசியில் நண்பர்கள் ஐந்து பேர் லிஸ்பன் வருகிறோம். ராத்திரி 8, 9 டிகிரிதானே, நம்ம ஊட்டி மாதிரிதானே இருக்கும்? ஒரு பழைய வீட்டை ஆறு நாளைக்கு மலிவாகப் பேசியிருக்கிறோம்.
– வாசகர், ஈரோடு

தம்பி, ஊட்டி என்று நினைத்தே வாருங்கள், தப்பில்லை. ஆனால் ஊட்டியில் வெளியே குளிரும், உள்ளே வந்தால் கம்பளிக்குள் புகுந்துகொள்ளலாம். இங்கே குளிர்காலத்தில் வெளியே இருப்பதுதான் சுகம், வீட்டுக்குள்தான் குளிர்!

டிசம்பர், ஜனவரியில் லிஸ்பன் பகல் 15 டிகிரி. மழை இல்லாத நாளில் வானம் கண் கூசும் நீலம். தெற்குப் பார்த்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் கோட்டைக் கழற்றத் தோன்றும். அப்புறம் வீட்டுக்குள் நுழைவீர்கள். கதவைத் திறந்ததும் ஒரு ஈர வாடை வரும். தரை டைல்ஸ், சுவருக்குக் காப்பு எதுவும் கிடையாது, ஜன்னல் ஒற்றைக் கண்ணாடி, மரச்சட்டத்தின் இடுக்கில் காற்று விசிலடிக்கும். வீடுகளுக்கு வெப்பக் காப்பு வேண்டும் என்ற முதல் விதிமுறையே இந்த நாட்டில் 1990-ல்தான் வந்தது. நீங்கள் பேசியிருக்கும் பழைய வீடு அதற்குப் பல தலைமுறை முந்தியதாக இருக்கும்.

நான் குடியிருப்பது அப்படி ஒரு கட்டடத்தில், நாலாவது மாடி. வடக்குப் பார்த்த படுக்கையறை ஜனவரியில் 13, 14 டிகிரி காட்டும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மின்பெட்டி ஒன்றை நவம்பரிலிருந்து மார்ச் வரை ஓட விடுகிறோம். காலையில் அதன் தொட்டியை இழுத்தால் தளும்பத் தளும்பத் தண்ணீர். அதைப் போடாமல் விட்டால் பீரோவின் பின்பக்கச் சுவரில் கறுப்புப் பூசணம் புள்ளி புள்ளியாகக் கிளம்பும், தோல் செருப்பில் பச்சையாகப் படரும். மேல் வீட்டுப் பாட்டி கடைக்குப் போகும்போது கழற்றும் கம்பளி மேலங்கியை வீட்டுக்குள் வந்ததும் மாட்டிக்கொள்வார்.

ஆகவே வீட்டுக்காரருக்கு உடனே எழுதிக் கேளுங்கள்: ஒவ்வொரு படுக்கையறையிலும் ஹீட்டர் உண்டா, கூடத்தில் மட்டும்தானா? மின்கட்டணம் வாடகையில் அடங்குமா, தனியா? ஜன்னல் எந்தத் திசை? 'வீட்டில் ஹீட்டர் உண்டு' என்ற பதிலுக்கு, சக்கரம் வைத்த ஒரே ஒரு எண்ணெய் ஹீட்டர் என்று அர்த்தம் இருக்கலாம். ஐந்து பேர் அதைச் சுற்றித்தான் படுக்க வேண்டியிருக்கும். பதில் மழுப்பலாக வந்தால் ஏசியிலேயே சூடு வரும் சாதாரண ஹோட்டலுக்கு மாறிவிடுங்கள். மலிவு வீட்டில் மிச்சம் பிடித்த காசு இருமல் மருந்துக்குப் போகும்.

மற்றபடி டிசம்பர் நல்ல மாதம்தான். கூட்டம் குறைவு, பெலேமில் இருக்கும் பழைய ஜெரோனிமோஸ் மடத்து வாசலில் கோடை மாதிரி வரிசையில் நின்று உருக வேண்டாம். ஐந்தேகால் மணிக்கே இருட்டிவிடும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போர்ட்டோவில் மழை அதிகம் என்கிறார்களே, உண்மையா? குடை போதுமா?
– வாசகர், திருநெல்வேலி

உண்மை. போர்ட்டோவில் வருடத்துக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர், லிஸ்பனில் எழுநூற்றுச் சொச்சம், ஃபாரோவில் ஐந்நூறு பக்கம். வடக்கே போகப் போக நனைவீர்கள். ஆனால் எல்லாமே குளிர்கால மழை. அக்டோபரில் பிடித்து மார்ச், ஏப்ரல் வரை. நம் நாட்டில் கோடை முடிந்து மழை வரும் கணக்கை இங்கே கொண்டு வராதீர்கள். ஜூலையில் லிஸ்பனில் மாதம் முழுக்கப் பெய்வது ஐந்து மில்லிமீட்டர் கூடத் தேறாது.

குடை போதாது. போர்ட்டோ மழை நேராக விழாது, கடல் காற்றோடு குறுக்கே அடிக்கும். ஜனவரியில் பாலத்துப் பக்கம் குப்பைத் தொட்டிகளைப் பாருங்கள், கம்பி முறிந்த குடைகள் தலைகீழாகக் கிடக்கும். தொப்பி வைத்த மழைக்கோட்டு வாங்குங்கள்.

அதைவிடக் காலில் என்ன போடுகிறீர்கள் என்பது பெரிய விஷயம். இந்த நாட்டு நடைபாதை பலவும் கை அளவு சுண்ணாம்புக் கற்களைப் பதித்துச் செய்தது. நூறு வருடம் கால் தேய்த்துத் தேய்த்துக் கல் வழவழவென்று ஆகிவிட்டது. அதன்மேல் ஒரு தூறல் விழுந்தால் போதும். சரிவில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கும் உள்ளூர்க்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். அடியில் ரப்பர் பிடிப்புள்ள ஷூ. தேய்ந்த அடி என்றால் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: மகள் எவோராவில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். எனக்கு ஆகஸ்டில்தான் லீவு கிடைக்கும். எனக்கு 63 வயது, லேசாக ரத்த அழுத்தம். வரலாமா?
– வாசகர், மதுரை

ஐயா, வரலாம். ஆனால் எவோரா இருக்கும் அலென்தேஜு சமவெளி கடலை விட்டு உள்ளே தள்ளியது. நான் மேலே சொன்ன குளிர் காற்றெல்லாம் அங்கே எட்டாது. ஆகஸ்டில் 35-க்கு மேல் போவது சாதாரணம், வெப்ப அலை வந்தால் 40-ஐத் தாண்டும். போர்ச்சுகலில் பதிவான உச்ச வெப்பம் இந்தப் பக்கத்து அமரெலேஜா என்ற ஊரில்தான்: 2003 ஆகஸ்ட் 1 அன்று 47.3 டிகிரி. லிஸ்பனே 2018 ஆகஸ்ட் 4 அன்று 44 டிகிரியைத் தொட்டது.

மதுரைக்காரருக்கு வெயில் புதிதா என்று நீங்கள் கேட்கலாம். வெயில் புதிதல்ல, இந்த வறட்சி புதிது. சட்டை நனையாது. வியர்வை தோலுக்கு வந்த நொடியே காய்ந்துவிடும். அதனால் தாகம் எடுப்பதற்குள் உடம்பில் தண்ணீர் குறைந்து தலை சுற்றும். ரத்த அழுத்த மாத்திரையில் நீர் பிரியும் வகை இருந்தால், கிளம்பும் முன் மருத்துவரிடம் இந்த ஊர் வெயிலைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கத்திய மக்கள் எப்படி இருக்கிறார்களோ அப்படி இருங்கள். வீடுகள் வெள்ளையடித்தவை, சுவர் தடிமன், ஜன்னல் சின்னது. காலை ஒன்பது மணிக்குள் ஜன்னலையும் வெளி மரக்கதவையும் இழுத்துச் சாத்திவிடுவார்கள். ராத்திரி வெயில் தணிந்ததும் எல்லாவற்றையும் விரியத் திறப்பார்கள். இரவு பதினேழு, பதினெட்டுக்கு இறங்கிவிடும், நன்றாகத் தூங்கலாம். ரோமானியர் கோவில் தூண்கள் திறந்த வெளியில் நிற்பவை, அவற்றைக் காலை எட்டு மணிக்கே பார்த்துவிடுங்கள். எலும்புகளால் சுவர் அமைத்த சிற்றாலயத்தையும் பேராலயத்தையும் வெயில் ஏறியபின் வைத்துக்கொள்ளலாம், உள்ளே சில்லென்று இருக்கும். ஒரு மணிக்கு மேல் ஆறு மணி வரை தெருவில் நாய் கூட நடக்காது. நீங்கள் மட்டும் ஏன் நடக்க வேண்டும்?

ஆகஸ்ட் என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது: காட்டுத் தீ. நடு போர்ச்சுகல், வடக்கு மலைகளில் யூகலிப்டஸ், பைன் காடுகள் கோடையில் வெடி மருந்து மாதிரி காய்ந்து கிடக்கும். 2017 ஜூன் 17 அன்று பெட்ரோகாவ் கிராண்டே பகுதியில் பிடித்த தீயில் 66 பேர் இறந்தார்கள். பலர் தப்பித்துப் போகும் சாலையில், கார்களிலேயே அகப்பட்டவர்கள். அதன்பின் விதிகள் இறுகிவிட்டன. அபாயம் கூடிய நாட்களில் காட்டுப் பாதைகளை மூடுவார்கள், மலையேற்ற வழிகளை ரத்து செய்வார்கள். மகள் வண்டி ஓட்டிக்கொண்டு மலைப் பக்கம் கூட்டிப் போவதாக இருந்தால், அன்று காலை நாட்டின் வானிலைத் துறையான இப்மா தளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மாவட்ட வாரியாக எச்சரிக்கை போட்டிருப்பார்கள். சிவப்பு என்றால் காசு போனாலும் பரவாயில்லை, திட்டத்தை மாற்றுங்கள். அவசர எண் 112.

கேள்வி: போர்ச்சுகலில் பனி விழுமா?
– வாசகி, புதுச்சேரி

லிஸ்பனில் எதிர்பார்க்காதீர்கள். எஷ்ட்ரேலா மலையில் விழும். அதன் உச்சி டோரே 1,993 மீட்டர், தீவுகளை விட்டுவிட்டால் நாட்டில் அதுதான் உயரம். ஜனவரி முதல் மார்ச் வரை வாய்ப்பு அதிகம். ஆனால் பனி நன்றாக விழுந்தால் உச்சிக்குப் போகும் சாலையை மூடிவிடுவார்கள். பனியைப் பார்க்கப் போனவர்கள் பனியினாலேயே பார்க்க முடியாமல் அடிவாரத்து கோவில்யா ஊரில் உட்கார்ந்து செம்மறி ஆட்டுப்பால் சீஸ் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது வழக்கம். அந்தச் சீஸ் அருமை.

கேள்வி: தேனிலவுக்கு மடெய்ராவா அசோரஸா என்று எங்களுக்குள் சண்டை. நவம்பர் கடைசியில் கல்யாணம்.
– வாசகர், சேலம்

இரண்டுமே அட்லாண்டிக்கில் இருக்கும் போர்ச்சுகல் தீவுகள்தான். நவம்பர், டிசம்பர் என்றால் மடெய்ரா. சண்டை முடிந்தது.

மடெய்ராவின் தலைநகர் ஃபுன்ஷாலில் ஜனவரியிலும் பகல் 19, 20 டிகிரி, ஆகஸ்டிலும் 26-தான். வருடம் முழுக்க அந்த ஏழு டிகிரிக்குள் ஊசலாடும். ஆனால் அது ஃபுன்ஷாலுக்கு மட்டும். தீவு நடுவே மலை நிமிர்ந்து நிற்பதால் வடக்குப் பக்கம் மேகம் முட்டி நனைந்துகொண்டே இருக்கும், தெற்கே வெயில் அடிக்கும். ஆரியேரு சிகரம் 1,818 மீட்டர். கீழே மப்பாக இருக்கும் காலையில் மேலே ஏறினால், மேகத்தைத் தாண்டி வெயிலில் வந்து நிற்பீர்கள். மேலே நாலைந்து டிகிரிதான் இருக்கும், புதுப்பெண்ணுக்குப் பட்டுப்புடவையில் போட்டோ என்று ஆசைப்பட்டால் பக்கத்தில் கோட்டோடு தயாராக நில்லுங்கள்.

மடெய்ராவில் எனக்கு ஒரே கவலை விமான நிலையம். ஓடுதளம் மலைக்கும் கடலுக்கும் நடுவே, ஒரு பகுதி தூண்கள் மேல் நிற்கிறது. குறுக்குக் காற்று அளவுக்கு மீறினால் இறக்க மாட்டார்கள். பக்கத்துத் தீவான போர்ட்டோ சாண்டோவுக்குத் திருப்புவார்கள், சில நேரம் லிஸ்பனுக்கே திரும்பி வரும். ஆகவே ஃபுன்ஷாலிலிருந்து வந்து அதே நாள் மாலை லிஸ்பனில் ஊர் விமானம் பிடிப்பதாகத் திட்டம் போடாதீர்கள். நடுவே ஒரு ராத்திரி லிஸ்பனில் வையுங்கள்.

அசோரஸை ஜூலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேலியெல்லாம் நீல ஹைட்ராஞ்சியா பூத்துக் கிடக்கும். ஒன்பது தீவு, ஒரே நாளில் நாலு பருவம். குளிரைப் பார்த்தால் ஜனவரியிலும் பகல் பதினாறு, பதினேழுதான், பயப்பட ஒன்றுமில்லை. மேகம்தான் தொல்லை. சாவ் மிகேல் தீவின் சேத்தே சிடாடேஸ் ஏரிகளைப் பார்க்க மேலேறினால் முழுக்க வெள்ளைத் திரை. அங்கே ஏரி, மலை என்று முக்கிய இடங்களில் எல்லாம் நேரலைக் கேமரா வைத்திருக்கிறார்கள். காலையில் காப்பி குடித்துக்கொண்டே போனில் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் வெளுத்திருக்கிறதோ அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவார்கள். நாள் வாரியாக அட்டவணை போட்டு வருபவர்கள்தான் அங்கே வயிறெரிவார்கள்.

கேள்வி: நாசரே ராட்சத அலையைப் பார்க்க எப்போது வர வேண்டும்? ஆகஸ்டில் போன என் நண்பன் குளம் மாதிரி இருந்தது என்கிறான்.
– வாசகர், தூத்துக்குடி

நண்பர் சொன்னது சரி. பெரிய அலைக்குக் காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை. வட அட்லாண்டிக்கில் புயல் கிளம்பி அதன் அலைவீச்சு இங்கே வந்து சேர வேண்டும். கரைக்கு நேர் எதிரே கடலடியில் ஒரு பள்ளத்தாக்கு நீள்கிறது. ஆழத்தில் வரும் அலையும் மேட்டில் வரும் அலையும் வேறு வேறு வேகத்தில் வந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால்தான் அந்த உயரம். 2020 அக்டோபர் 29 அன்று ஜெர்மனிக்காரர் செபாஸ்டியன் ஸ்டூட்னர் ஏறியது 26.21 மீட்டர் அலை, கின்னஸ் பதிவு.

ஆனால் பெரிய அலை தேதி சொல்லி வருவதில்லை. குளிர்காலத்திலும் சாதாரண நாட்களே அதிகம். மூன்று நான்கு நாள் முன்னால்தான் முன்கணிப்பு தெளிவாகும். லிஸ்பனில் தங்கிக்கொண்டு, அலை வருகிறது என்று தெரிந்ததும் காலை பஸ் பிடியுங்கள். ஊர்க் கடற்கரையில் நிற்காதீர்கள், பெரிய அலை எழுவது முனைக்கு வடக்கே இருக்கும் கரையில்தான். சாவ் மிகேல் கோட்டை, கலங்கரை விளக்கம் பக்கம் நின்று பாருங்கள். கம்பிக்கு வெளியே பாறையில் இறங்கிப் படம் எடுக்கும் ஆசை மட்டும் கூடவே கூடாது.

கேள்வி: நவம்பரில் அலுவலக வேலையாக ஒரு வாரம் லிஸ்பன். பார்க்க ஏதாவது மிச்சம் இருக்குமா?
– வாசகர், பெங்களூரு

நவம்பர் மழை மாதம். கனமழை நாளில் அல்காண்டரா மாதிரித் தாழ்ந்த பகுதிகளில் தண்ணீர் தேங்கும், 2022 டிசம்பரில் நகரமே இரண்டு முறை திணறியது. ஆனால் 11-ம் தேதியை ஒட்டி பல வருடங்களில் சில நாள் மழை விட்டு வெயில் அடிக்கும். புனித மார்ட்டின் கோடை என்பார்கள். தெரு முனைகளில் வண்டியில் கஷ்கொட்டை வறுப்பார்கள், புகை தெருவையே மூடும். காகிதக் கூம்பில் டஜன் கணக்கில் சுடச்சுடத் தருவார்கள். உப்புத் தூவியது, தோலை உரிக்கக் கை சுடும். உங்கள் வாரம் அதில் விழுந்தால் அதிர்ஷ்டம்.

கேள்வி: மார்ச் கடைசி ஞாயிறு காலை 9.30-க்கு சின்ட்ராவில் பேனா அரண்மனைக்கு டிக்கெட் வாங்கிவிட்டோம். முந்தின நாள் இரவுதான் லிஸ்பன் வந்து இறங்குகிறோம். வானிலை எப்படி இருக்கும்?
– வாசகி, தஞ்சாவூர்

வானிலை இருக்கட்டும், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை ஒரு மணிக்கு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அதுவரை இந்தியாவுக்கும் போர்ச்சுகலுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம், அன்றிலிருந்து நாலரை. அக்டோபர் கடைசி ஞாயிறுதான் பழையபடி ஆகும். போன் தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது. அரண்மனை உட்புறத்துக்கு நேரம் குறித்த டிக்கெட், தாமதமானால் விட மாட்டார்கள். தோட்ட வாசலிலிருந்து அரண்மனைக் கதவு வரை ஏறவே அரை மணி நேரம் ஒதுக்குங்கள். லிஸ்பன் ரோசியோ நிலையத்திலிருந்து ரயில் நாற்பது நிமிடம், அப்புறம் மலைக்குப் பஸ். ஏழு மணிக்கே அறையை விட்டு இறங்கிவிட வேண்டும், அது முந்தின நாள் கடிகாரப்படி ஆறு மணி.

வானிலை? லிஸ்பனில் வெயில் அடித்தாலும் சின்ட்ரா மலை கடல் ஈரத்தைப் பிடித்து மூட்டமாக வைத்துக்கொள்ளும். லிஸ்பனை விட நாலைந்து டிகிரி குறையும். அரண்மனையின் மஞ்சளும் சிவப்பும் மூட்டத்தில் பத்தடி தள்ளித் தெரியாமல் போகலாம். பதினொரு மணிக்கு மேல் பெரும்பாலும் விலகும். அதனால் உட்புறத்தை முதலில் பார்த்துவிட்டு, மதில் மேல் நடையையும் போட்டோவையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.